பழைய கார்டு பாக்கிக்குப் புது மிரட்டல்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். கிரெடிட் கார்டு பாக்கிக்காக வங்கிகள் அனுப்பும் நோட்டீஸ்களில், கடைசியாகப் பணம் கட்டிய தேதியையும், வழக்குப் போடச் சட்டப்படி இன்னும் காலம் மிச்சமிருக்கிறதா என்பதையும் எழுதியே தீர வேண்டும் என்று நீங்கள் உத்தரவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் அண்மையில் என்னிடம் வந்தார். அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்திருந்தது. மேலே தராசுப் படம், கீழே சிவப்பு முத்திரை, நடுவில் முழுக்க ஆங்கிலம். லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம்) வராவிட்டால் சட்ட நடவடிக்கை என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில். கேட்டிருந்த தொகை 1,86,400 ரூபாய். அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போதிலிருந்து பாக்கி என்று ஒரு வரியும் இல்லை. வங்கியின் கோப்பு எண்ணை வழக்கு எண் என்று நினைத்துக்கொண்டு, "அமீனா வூட்டுக்கே வந்துருவாங்களாங்க சார்? மாமனாருக்கு இது தெரியாதுங்க" என்றார். அமீனா என்றால் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர். பிளாஸ்டிக் கவரில் அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய ஸ்டேட்மென்ட்டில் பாக்கி 41,000 சொச்சம். ஊரடங்கில் கம்பெனி மூடியபோது, 2020 ஜூனில், கட்டுவதை நிறுத்தியவர். அதன்பிறகு ஒரு ரூபாயும் கட்டவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவும் இல்லை.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுகள்தான் அவகாசம். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். அதையும் கழித்துப் பார்த்தால் இவருடைய பாக்கிக்கான கெடு 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. கெடு தாண்டிய வழக்கை, எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 3ஆவது பிரிவு. நோட்டீஸ் தயாரித்த வக்கீல் ஆபீசுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

நோட்டீஸோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த நாள் கலெக்ஷன் ஆள் போன் செய்கிறார்: "இப்போதைக்கு ஆயிரம் கட்டுங்க, மீதியைத் தவணையில் கட்டுறேன்னு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, கேஸை நிறுத்திடலாம்." கேட்க நல்ல மனசு போலத்தான் இருக்கும். கெடு முடிவதற்குள் கட்டும் சிறு தொகை, எழுத்தில் ஆதாரம் இருந்தால், 3 ஆண்டுக் கணக்கை முதலிலிருந்து ஓட வைத்துவிடும். கெடு முடிந்த பிறகு எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழியோ இன்னும் மோசம். ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைப் புது ஒப்பந்தமாகவே ஏற்கிறது. லோக் அதாலத்தில் சமரசத்துக்குக் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. இதில் எதையும் அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்துக்குப் போகாவிட்டால் தண்டனை எதுவும் இல்லை என்பதையும் சொல்லவில்லை.

கடன் வாங்கியவர் அடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கெடு தாண்டினாலும் கடன் கடன்தான். வங்கி மரியாதையாகக் கேட்கலாம், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அது தெரியும். முடிந்தவர்கள் செட்டில்மென்ட் பேசி முடிப்பது நல்லது என்றே நானும் சொல்வேன். ஆனால் போட முடியாத வழக்கைக் காட்டி மிரட்டுவது வேறு, பாக்கியைக் கேட்பது வேறு. வழக்குப் போட வங்கிக்கு 3 ஆண்டுகள் இருந்தன, வக்கீல்களும் இருந்தார்கள்.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. போலி மிரட்டலைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள், உண்மையான சம்மன் வரும்போதும் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். முறையாகக் கெடுவுக்குள் போட்ட வழக்கு அப்படித்தான் எக்ஸ்பார்ட்டி ஆகிறது, அதாவது எதிர்த்தரப்பு வராமலே தீர்ப்பாகிறது. சாதாரண வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளில் எதிருரை, அதாவது எழுத்தில் பதில், போட வேண்டும். ஆவணங்களை வைத்து விரைவாக முடிக்கும் சுருக்க விசாரணை வழக்கென்றால் 10 நாளில் ஆஜராக வேண்டும். அதைத் தவறவிட்டால் வரும் தீர்ப்பை நிறைவேற்ற வங்கிக்கு 12 ஆண்டுகள் அவகாசம், சம்பளத்தில் பிடித்தம் வரை போகலாம். எது வெறும் கடிதம், எது சம்மன் என்று பார்த்தவுடன் தெரிந்தால் இந்த இழப்பு நேராது.

கலெக்ஷன் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு எங்கள் ஊர்வரை வந்து பலன் தந்தது. நேரத்தை ஒழுங்குபடுத்திய ரிசர்வ் வங்கி, அந்த நேரத்தில் பேசும் பொய்யையும் ஒழுங்குபடுத்தலாமே. கெடு தாண்டிய கடனுக்கு வழக்குப் போடுவதையும், போடுவேன் என்று கடன் வசூலிப்பவர்கள் மிரட்டுவதையும் அமெரிக்கா 2021 முதல் விதி போட்டே தடுத்திருக்கிறது. கிரெடிட் கார்டு வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2024 டிசம்பரில் ரத்து செய்தபோது, வங்கிகளை நெறிப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு என்றுதான் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதனால் வேறு எந்தக் கதவையும் தட்டாமல் உங்களிடம் வருகிறேன்.

நோட்டீஸின் முதல் பக்கத்திலேயே, வாடிக்கையாளரின் தாய்மொழியில், கடைசியாகக் கட்டிய தேதி, அசல், வட்டி, இதரக் கட்டணம் ஆகியவை தனித்தனியே இருக்கட்டும். "இது நீதிமன்ற சம்மன் அல்ல" என்ற வரி இருக்கட்டும். வழக்குப் போட்டிருந்தால் ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணைப் போடட்டும், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணும் அங்கேயே இருக்க வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அந்த உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கெடு முடிந்த பாக்கி என்றால் அதையும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கொடுப்பதன் விளைவைச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்தை வங்கி பயன்படுத்தக் கூடாது என்றும் விதியுங்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை தேசிய லோக் அதாலத் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய வாரங்களில்தான் இந்த நோட்டீஸ்கள் மொத்தமாக வந்து குவிகின்றன. அடுத்த அமர்வுக்கு முன்பே உங்கள் உத்தரவு வங்கிகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் வழக்கறிஞர் ஒருவர்