வெட்டுவதற்கு முன் ஒரு பெட்டி

அன்புள்ள சரசு,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் மாமியார் காலமானபோதும் போனில் நான்கு வார்த்தை பேசியதோடு விட்டுவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கொள்கிறேன். இங்கே ஹூஸ்டனில் கவிதா நலம், மாப்பிள்ளை நலம், நிலா என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் கொக்கோ மரங்கள். தை மாதம் பேசியபோது, சித்திரைக்குள் முந்நூறு மரத்தையும் வெட்டிவிட்டு ஜாதிக்காய் வைக்கப்போவதாக அண்ணன் சொன்னார். நானும் "சரி, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ என்னை முடிக்க விடமாட்டாய்.

போன வாரம் நாங்கள் மெக்சிகோவில் வஹாக்கா நகரத்துக்குப் போயிருந்தோம். நவம்பர் 20 சந்தை என்று ஒன்று இருக்கிறது, பெயரே அதுதான். அதன் பக்கத்தில் மினா தெரு. தெருமுனையில் திரும்பும்போதே வறுத்த கொக்கோ வாசனை முகத்தில் மோதுகிறது. வரிசையாகச் சாக்லேட் மில்கள். கொட்டை, சர்க்கரை, பட்டை, பாதாம் என்று அவரவர் வீட்டுக் கணக்குப்படி எடை போட்டுக் கொடுத்தால் கண் முன்னாலேயே அரைத்துத் தருகிறார்கள். நம் ஊரில் மிளகாயும் மல்லியும் வறுத்து எடுத்துக்கொண்டு மில்லில் போய் நிற்போமே, அதேதான். அங்கே சாக்லேட் என்றால் முதலில் குடிக்கிற பொருள். காலையில் ஒரு கிண்ணம், தொட்டுக்கொள்ள முட்டை சேர்த்த ரொட்டி. கல்யாணம், துக்கம் எதுவானாலும் அது உண்டு.

அந்த ஊரில் ஒரு அம்மா தன் வீட்டு முற்றத்திலேயே அரை நாள் வகுப்பு நடத்துகிறார். எட்டுப் பேர் போயிருந்தோம். கவிதாவின் ஸ்பானிஷ்தான் எனக்குக் காது. மண் ஓட்டில் கொட்டையைப் போட்டுத் துடைப்பக் கட்டை போன்ற ஒன்றால் புரட்டிக்கொண்டே இருந்தார். படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி ஆறவைத்தோம். பிறகு வேர்க்கடலை போலத் தோலை விரலால் நசுக்கி உரித்து, முறத்தில் புடைத்தோம். புடைக்கத் தெரிந்தவள் அந்த எட்டுப் பேரில் நான் ஒருத்திதான்.

அடுத்து அவர் அம்மியைக் கொண்டுவந்து வைத்தார். சரசு, அம்மியேதான்! எரிமலைக் கல்லில் செதுக்கியது, மூன்று கால் வைத்துக் கொஞ்சம் சரிவாக நிற்கிறது, மேலே குழவி. மெத்தாத்தே என்கிறார்கள். ஒரே வித்தியாசம், கல்லுக்கு அடியில் தணல் வைக்கிறார்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தள்ளித் தள்ளி அரைக்க வேண்டும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். நான் முக்கால் மணி நேரம் அரைத்தேன். முதலில் காப்பிப் பொடி போல உதிரியாக இருந்தது, பிறகு எள்ளுருண்டைக்கு இடித்த மாவு போலப் பிசுபிசுத்தது, பிறகு திடீரென்று இளகிக் கல்லின் சரிவில் ஓடத் தொடங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. கொட்டையில் பாதி கொழுப்பு. தணல் சூட்டில் அது உருகிவிடுகிறது. முப்பத்தோரு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் என் கைக்கு அடியில் அது நடந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "எங்கே கற்றாய்?" என்று கேட்டார். பெருந்துறையில், என் பாட்டியிடம் என்றேன். கவிதா அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவளுக்கே குரல் மாறியது.

பிறகு சர்க்கரையும் பட்டையும் போட்டு இன்னொரு முறை அரைத்தோம். பட்டை எங்கிருந்து வந்தது தெரியுமா? இலங்கையிலிருந்து. மெக்சிகோக்காரர்களுக்கு அந்த மெல்லிய சுருள் பட்டைதான் வேண்டுமாம். விழுதைத் தட்டி வில்லைகளாக்கிக் காயவைத்தோம். பிறகு ஒன்றை வெந்நீரில் கரைத்து, மத்தால் கடைந்து நுரை எழுப்பினோம். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டிக் கடைகிற மத்து. நிலா, "பாட்டி, இது ரசத்துக்குப் பருப்பு கடைகிற மத்து" என்றாள். அதையும் ஒன்று வாங்கிவந்திருக்கிறேன்.

இதெல்லாம் சந்தோஷம். நான் சொல்ல வந்தது வேறு.

வறுப்பதற்கு முன்னால் அந்த அம்மா ஒரு பலகையில் மூன்று கொட்டைகளை வைத்துக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து காட்டினார். முதலாவது காயிலிருந்து எடுத்துக் கழுவி அப்படியே காயவைத்தது. உள்ளே சாம்பல் பூத்த நிறம், ரப்பர் போல அடைத்துக்கொண்டு இருந்தது. கடித்தால் நாக்கு சுருங்கிப் போகிற துவர்ப்பு. அங்கே குடிக்கிற சாக்லேட்டுக்கு இப்படிக் கழுவிய கொட்டையையும் பழங்காலத்திலிருந்தே சேர்க்கிறார்கள், அது வேறு வழி. இரண்டாவது அரைகுறையாகப் புளித்தது, உள்ளே ஊதா. மூன்றாவது ஆறு நாள் முழுதாகப் புளித்துக் காய்ந்தது. உள்ளே நல்ல பழுப்பு, மூளை போல மடிப்பு மடிப்பாகப் பிளவு. அதைப் பச்சையாகக் கடித்தேன். காய்ந்த திராட்சை, கொஞ்சம் புளிப்பு, கடைசியில்தான் கசப்பு. மூன்றும் ஒரே தோட்டத்துக் காய்கள் என்றார்.

அப்போது எனக்கு உன் தோட்டத்துப் பிளாஸ்டிக் பக்கெட்டுகள் கண் முன்னால் வந்தன. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு ஈரக் கொட்டையைப் பக்கெட்டில் போட்டு, டெம்போக்காரன் வருவதற்குள் எடை பார்த்து அனுப்பிவிடுவீர்கள். நான் வந்தால் மட்டும் ஒரு கை சதையைச் சப்பக் கொடுப்பாய், லிச்சிப் பழம் போல இருக்கும். கொட்டையை வாழைக் குழியில் துப்புவோம். இருபது வருடம் கொக்கோ வளர்த்த நீ, உன் மரத்துச் சாக்லேட்டை ஒரு முறையாவது வாயில் போட்டுப் பார்த்திருக்கிறாயா? நானும் உன்னிடம் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை.

அந்த ஆறு நாளில் என்ன நடக்கிறது என்று கேள். (மறுபடியும் வேதியியல் வகுப்பா என்று நீ தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்.) மரப்பெட்டியில் ஈரக் கொட்டையைக் குவித்து வாழை இலையால் மூடிவிட்டால், முதலில் ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர்கள் சதையின் சர்க்கரையைச் சாராயமாக்குகின்றன. சதை வழிந்து ஓடிக் காற்றுப் புகுந்ததும் வேறு நுண்ணுயிர்கள் வந்து அந்தச் சாராயத்தைக் காடியாக, அதாவது வினிகராக, மாற்றுகின்றன. பெட்டிக்குள் சூடு 45, 50 டிகிரி வரை ஏறுகிறது. அந்தச் சூட்டிலும் காடியிலும் விதையின் முளை செத்து, உள்ளறைகள் உடைந்து, எல்லாம் ஒன்றோடொன்று கலக்கிறது. சாக்லேட் வாசனையின் விதை அங்கேதான் விழுகிறது. வறுப்பது அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். இந்த வேலை முழுவதையும் நீ இருபது வருடமாக டெம்போவில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய்.

விலையைப் பற்றி அண்ணன் சொல்வது எனக்குப் புரிகிறது. ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் மழையும் நோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்ததால் 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியது. அப்போது வாசலில் வந்து நின்ற வியாபாரி, விலை சரிந்ததும் போனை எடுப்பதில்லை. தென்னையோ வாடல் நோயில் ஒவ்வொன்றாகப் போகிறது. தென்னை போனால் நிழல் போகும், நிழல் போனால் கொக்கோ தாங்காது. அணிலும் மரநாயும் தின்றதுதான் மிச்சம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை, நீ படுகிற பாட்டை ஹூஸ்டனில் உட்கார்ந்துகொண்டு அளக்கவும் எனக்குத் தகுதியில்லை.

ஆனால் இது முன்பும் நடந்திருக்கிறது, சரசு. 1980களின் தொடக்கத்தில் கேரளத்தில் விலை விழுந்து வாங்க ஆளில்லாமல் போனபோது, விவசாயிகள் கொக்கோவை வெட்டித் தள்ளினார்கள். பிறகு கேம்ப்கோ கூட்டுறவுச் சங்கம் வாங்க முன்வந்து, 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே வைத்தது. அதற்குள் வெட்டியவர்கள் வெட்டிவிட்டார்கள். இன்று ஈரக் கொட்டையை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ என்ற நிறுவனத்தார் தென்னிந்தியத் தோட்டங்களின் கொட்டையை வாங்கித்தான் சாக்லேட் செய்கிறார்கள். உன் ஆனைமலை அடிவாரத்திலேயே தன் தோட்டத்துக் காயிலிருந்து சாக்லேட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் தேவை ஒழுங்காகப் புளிக்கவைத்த கொட்டை.

இன்னொன்று. அந்த முற்றத்தின் மூலையில் ஒரு இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது. ஐரோப்பிய பாணியில் வழவழப்பான சாக்லேட் கட்டி வேண்டும் என்பவர்களுக்காக இரண்டு நாள் விடாமல் ஓடுமாம். கருங்கல் தரை, இரண்டு கருங்கல் உருளை. பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. பின்பக்கம் போய்க் குனிந்து தகட்டைப் பார்த்தேன்: கோயம்புத்தூர். இட்லி மாவுக்காக நம் ஊரில் உருவான கிரைண்டர்தான், மோட்டாரை மாற்றி, வெப்பம் தாங்குகிற மாதிரி செய்து, உலகம் முழுவதும் சின்னச் சாக்லேட் பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழங்காலத்திலிருந்தே சாக்லேட் குடிக்கிற நாட்டுக்காரர் கோயம்புத்தூர்க் கல்லில் அரைக்கிறார், கோயம்புத்தூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற நீ மரத்தை வெட்டப் போகிறாய். அந்த இடத்திலேயே உனக்குப் போன் போட்டேன். உனக்கு நடு இரவு, எடுக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். எல்லாவற்றையும் நிறுத்து என்று சொல்லவில்லை. வாடல் வந்த தென்னைக்குக் கீழே இருப்பதை எடுத்து ஜாதிக்காய் வையுங்கள். கிணற்றடிப் பக்கம் இருக்கிற நூறு மரத்தை மட்டும் ஒரு வருடம் விட்டுவையுங்கள். ஆசாரியிடம் சொல்லி ஒரு மரப்பெட்டி அடிக்கச் சொல், அடியில் துளை வேண்டும். ஐம்பது கிலோவாவது ஒன்றாகச் சேர்ந்தால்தான் சூடு நன்றாக ஏறும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் புரட்டிப் போடு. ஆறாம் நாள் எடுத்து வெயிலில் காயவை. மூன்று கிலோ ஈரக் கொட்டைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காய்ந்தது நிற்கும். பெட்டிக்கான பணத்தை நான் அனுப்புகிறேன். இதில் சண்டை போடாதே, என் விடுதிக் கட்டணம் கட்ட உன் வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் நீ.

நீதான் கணக்குப் பார்க்கிறவள் ஆயிற்றே, உனக்காக ஒன்று குறித்துவந்தேன். கொக்கோக் கொட்டையே அங்கே காசாக ஓடிய காலத்தில், 1545இல் திலஸ்கலா என்ற ஊரில் எழுதிவைத்த விலைப்பட்டியல் இருக்கிறது. ஒரு பெரிய தக்காளிக்கு ஒரு கொட்டை. ஒரு பெட்டை வான்கோழிக்கு நூறு. உன் ஒரு காயில் முப்பது நாற்பது கொட்டை இருக்குமா? அப்படியானால் மூன்று காய்க்கு ஒரு வான்கோழி. அண்ணனிடம் இதைச் சொல், சிரிக்கட்டும், பிறகு பெட்டி விஷயத்தைப் பேசு.

வைகாசி இரண்டாம் வாரம் வருகிறேன். அதற்குள் ஒரு பெட்டி காய்ந்திருந்தால் போதும், வறுக்க மண் ஓடு நான் வாங்கிவருகிறேன். உன் மாமியாரின் அம்மி மாட்டுக்கொட்டகைப் பக்கம் சாய்த்துவைத்திருந்ததே, அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. கொத்தச் சொல்லி, கழுவி வை. அவர் அதில் அரைத்த தேங்காய்ச் சட்னிக்காகவே நான் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்தவள். அந்தக் கல்லில்தான் உன் மரத்துக் கொட்டையை முதலில் அரைக்க வேண்டும்.

கடிதம் கிடைத்ததும் ஒரே ஒரு வரி அனுப்பு: கிணற்றடி மரங்கள் நிற்கின்றனவா?

என்றும் உன்,
வசந்தி