பில்லுக்கு ஒரு சரி சொல்லுங்கள்

கப்பலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கம் லோடு ஏற்றும் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

என்னிடம் நான்கு லாரி ஓடுகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வாரம் சென்னையில் ஒரு லோடு இறக்கினேன். ஆடிப் பதினெட்டு வந்து போயும் அதன் பாக்கி வரவில்லை. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் அவர்கள் வாசலில்தான் லோடு கேட்டு நிற்க வேண்டும்.

லாரித் தொழிலில் செலவு முன்னால் ஓடும், வரவு பின்னால் நொண்டிக்கொண்டு வரும். மதுரையிலிருந்து சென்னை போய்த் திரும்ப 900 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 230 லிட்டர் டீசல் வேண்டும். அதற்கு பெட்ரோல் பங்கில் அன்றைக்கே காசு. ஃபாஸ்டேக்கில் முன்கூட்டியே காசு. டிரைவர் பேட்டா வண்டி கிளம்பும்போதே. 5-ஆம் தேதி ஆனால் பைனான்ஸ் தவணை. நீங்கள் தரும் அட்வான்ஸ் டீசலுக்கும் டோலுக்கும் சரியாகப் போய்விடும். எனக்கென்று மிஞ்சுவது அந்த பேலன்ஸில்தான் இருக்கிறது. அதுதான் உங்கள் மேஜையில் தூங்குகிறது.

இடையில் என்ன செய்கிறோம்? தெரிந்தவரிடம் போய் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு மூன்று வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) வாங்குகிறோம். 1 லட்ச ரூபாய் பில்லுக்கு ஒன்றரை மாதம் காத்திருந்தால் வட்டி மட்டும் 4,500 ரூபாய். நீங்கள் பணம் தராவிட்டாலும் அவர் என்னைத்தான் பிடிப்பார். அமெரிக்காவில் லோடு இறக்கியதும் லாரிக்காரரின் பில்லை வாங்கிக்கொண்டு, சில சதவீதம் கழித்து, ஓரிரு நாளில் பணம் தரவே தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. அதை ஃபேக்டரிங் என்கிறார்கள்.

இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. ஃபேக்டரிங்குக்கு 2011-லேயே சட்டம் வந்துவிட்டது. சிறு தொழில்காரரின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டிப் பணம் தரும் இணையதளங்களுக்கு ட்ரெட்ஸ் என்று பெயர். ரிசர்வ் வங்கி அனுமதித்த அந்தத் தளங்கள் 2017-லிருந்து ஓடுகின்றன: ஆர்எக்ஸ்ஐஎல், எம்ஒன்எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட். என் பில்லை அங்கே ஏற்றுவேன். "ஆமாம், இந்தத் தொகை தர வேண்டியதுதான்" என்று நீங்கள் ஒரு முறை ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு வட்டி சொல்லும். எனக்கு ஓரிரு நாளில் பணம். தவணை தேதியில் நீங்கள் வங்கிக்குக் கட்டுவீர்கள். நீங்கள் தவறினாலும் வங்கி என்னிடம் திரும்பி வர முடியாது. வட்டியும் என் முகத்தைப் பார்த்துப் போடுவதில்லை, உங்கள் கம்பெனியின் மதிப்பைப் பார்த்துப் போடுவது. ஆண்டுக்கு 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம்: அதே 1 லட்சத்துக்கு 45 நாளுக்கு 1,233 ரூபாய். 4,500 எங்கே, 1,233 எங்கே!

ஆனால் நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் அந்த வண்டி நகராது. ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் இந்தத் தளங்களில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவு வந்தது. அதற்கு முன்பு 500 கோடி. பதிவு செய்தாயிற்று, சரி. என் பில்லை ஏற்றலாமா என்று கேட்டபோது ஒரு இடத்தில் "அதெல்லாம் பெரிய சப்ளையருக்கு" என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிறு தொழில்காரனுக்காகவே உண்டாக்கிய தளம் அது.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒப்புக்கொண்டால் தேதி உறுதியாகிவிடும், அப்புறம் இழுக்க முடியாது. ஆனால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி இப்போதும் இழுக்க முடியாதுதான். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பில்லை வாங்கி வைத்துக்கொண்டு "இன்னும் சரிபார்க்கவில்லை" என்பதும் செல்லாது. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் வேலை முடிந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். 2023 நிதிச் சட்டம் இன்னொரு முடிச்சும் போட்டது: குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, கையில் கொடுக்கும் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. உத்யம் நம்பர்தான் ஒருவர் சிறு தொழில்காரர் என்பதைக் காட்டும் அரசுப் பதிவு எண். இந்த முடிச்சு வந்த பிறகு ஒரு அலுவலகத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னது: "பில்லில் உத்யம் நம்பரைப் போடாதீங்கண்ணே."

போடுவேன். கோபத்தில் சொல்லவில்லை. வழக்கு, சிறு தொழில் பாக்கித் தகராறைத் தீர்க்கும் கவுன்சில் என்று அலைய எனக்கு நேரமும் இல்லை. அப்படிப் போனவனுக்கு அடுத்த லோடு யார் தருவார்கள்?

எங்கள் பக்கமும் குறை உண்டு. சீல் வைத்த எல்.ஆர். (லாரி ரசீது) நகலை டிரைவர் சீட்டுக்கு அடியில் பத்து நாள் மறந்துவிடுகிறார். கேட்காமல் ஹால்டிங் காசை, அதாவது வண்டி காத்துக் கிடந்ததற்கான காசை, பில்லில் சேர்க்கிறோம். அது தகராறாகி மொத்தப் பில்லும் நிற்கிறது. இனி லோடு இறக்கிய அன்றே எல்.ஆர். படம் வாட்ஸ்அப்பில் வரும். மூன்றாம் நாள் பில் வரும். ஹால்டிங்குக்குத் தனிப் பில். அப்படியே இன்னொன்று: பத்து வண்டிக்கு உட்பட்டவன், பான் நம்பரோடு உறுதிமொழி கொடுத்தவன் என்றால் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் பிடித்துவிடுகிறீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். முன்கூட்டிப் பணம் வேண்டாம். வாடகையைக் கூட்டியும் கேட்கவில்லை. பில் வந்த ஏழு நாளுக்குள் சரி என்றோ சரியில்லை என்றோ சொல்லிவிடுங்கள். சரி என்றால் ட்ரெட்ஸில் ஒரு முறை அமுக்குங்கள். 45-ஆம் நாள் எப்படியும் தர வேண்டிய பணம்தானே?

செவ்வாய்க்கிழமை பில்லோடு வருகிறேன். சித்திரை லோடு பாக்கியையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
கப்பலூர்ப் பக்கத்து லாரிக்காரன் ஒருவன்