திரைக்கு மேல ஒரு துவாய்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஐப்பசி, ஞாயிறு பின்னேரம்

அன்பு மச்சான்,

உன்ர கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. பதில் போடாததுக்குக் காரணம் நாரிப்பிடிப்பு. சிரிக்காத. உன்ர மகள் கேட்ட கேள்விக்கு மறுமொழி எழுத முன்னம் பழைய றெக்கோட்டுகளை ஒருக்காப் போட்டுப் பாப்பம் எண்டு, பரணில கிடந்த பெட்டி ரெண்டையும் தனிய இறக்கினன். பெட்டிக்கு எழுபது எண்பது தட்டு, உறையோட ஒரு தட்டு கால் கிலோ எண்டு வை. அந்த ரெண்டையும் தூக்கிக்கொண்டு இரவு பஸ்ஸில ஏறி விடியப்புறம் வீட்டுக்கு வந்தனாங்கள் எண்டால் இப்ப நானே நம்ப மாட்டன். மனிசி சூட்டு ஒத்தடம் குடுத்துக்கொண்டு, "பிள்ளையள் பொக்கற்றுக்குள்ள ஒரு யூஎஸ்பி கொண்டு போகினம், உங்களுக்கு என்ன வந்தது?" எண்டு கேட்டா. அதுதான் உன்ர மகளின்ர கேள்வியும்.

டிரம் அண்ட் பேஸ், அதுதான் வேகமான டிரம் அடியும் பேஸ் எண்ட கனத்த அடிச்சத்தமும் சேந்த எங்கட நடன இசை, அதில பாட்டுக்குப் பாட்டு ஒட்டி மிக்ஸ் பண்ணப் பழகுறதெண்டால் றெக்கோட் டெக்கில தொடங்குறதோ, டிஜிட்டலில தொடங்குறதோ? பத்து வருசத்துக்கு முந்திக் கேட்டிருந்தால் யோசிக்காமல் றெக்கோட் எண்டிருப்பன், கூடவே நாலு வசனம் பிரசங்கமும் வைச்சிருப்பன். இப்ப அவ்வளவு லேசில வாய் வரேல்ல. ஆவணியில நடந்த ஒரு விசயம் அதுக்குக் காரணம். அதுக்கு வாறன்.

முதல் உனக்கு நினைவுபடுத்துறன். 1996 மாரி, மனோர் பார்க் அறை. ஆளுக்குப் பாதிக் காசு போட்டு வாங்கின பழைய டெக்னிக்ஸ் 1210 றெக்கோட் டெக் ரெண்டு. ஹக்னியில 1991 இல களவாத் தொடங்கின கூல் எஃப்எம் ஸ்டேசன், ஜன்னல் கம்பியில கொழுவின வயரில கேட்டது. அதில போன ஒரு பாட்டை வாயால முணுமுணுத்துக்கொண்டு சோஹோவுக்குப் போய், டார்ப்ளே தெருவில பிளாக் மார்க்கெட் கடையின்ர நிலவறைக்குள்ள இறங்கி, கவுண்டருக்குப் பின்னால நிண்டவனுக்கு அதை "டும் டும்-கா" எண்டு பாடிக் காட்டினனீ. அவன் சிரிக்காமல் பேர் அச்சடிக்காத ஒரு வெள்ளை லேபல் தட்டை எடுத்துத் தந்தான், அதே பாட்டு! அந்த ஒரு தட்டுக்கு அண்டைக்குச் சாப்பாட்டுக் காசு போச்சு.

அந்த அறையில எங்களுக்கு வந்த வில்லங்கம் முழுக்கக் கணக்குத்தான். டிரம் அண்ட் பேஸ் நிமிசத்துக்கு 174 அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில ஒரு செக்கனில மூண்டில ஒரு பங்குதான். ஒரு பாருக்கு நாலு அடி, பதினாறு பார் 22 செக்கனில முடிஞ்சு போகும். ரெண்டு தட்டும் வேகத்தில 0.1 அடி விலகி நிண்டால் ஒரு நிமிசத்தில 34 மில்லிசெக்கன் தள்ளிப்போயிடும். ஹவுஸ் எண்ட மெதுவான நடன இசையில, 125 இல, கிக் எண்ட பெரிய டிரம் அடி கொஞ்சம் தடிச்சுக் கேக்கும், அவ்வளவுதான். எங்கட சாமானில ஒவ்வொரு அடிக்கும் நடுவில உதிரி அடியள் கொட்டிக் கிடக்குது. அதால உடன தார்றோட்டில குதிரை ஓடுற சத்தம் வந்திடும். அந்த உதிரி அடியளில பெரும்பங்கு எங்கையிருந்து வந்தது எண்டு பிள்ளைக்குச் சொல்லு: 1969 இல வின்ஸ்டன்ஸ் எண்ட குழுவின்ர "ஆமென், பிரதர்" பாட்டில கிரெகரி கோல்மன் டிரம்மில வாசிச்ச நாலு பார், ஆறேழு செக்கன். அதை வெட்டித் துண்டாக்கி வேகமாக்கித்தான் டிரம் அண்ட் பேஸுக்குத் தாயான ஜங்கிள் எண்ட முழு வீடும் கட்டினது. கோல்மனுக்கு அதில ஒரு சதம் போகேல்ல. 2006 இல மனிசன் செத்துப்போச்சு.

டெக்கில வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிட்ச் ஸ்லைடர் மேலையும் கீழையும் எட்டு எட்டு வீதம் போகும். எங்களுக்கு வேண்டினது அதில ஒரு மயிர்க்கனம். ஸ்லைடரைத் தொட்டுத் தொட்டு, தட்டின்ர ஓரத்தை விரலால தடவிப் பின்னுக்கு இழுத்து, நடு அச்சை முறுக்கி முன்னுக்குத் தள்ளி, ஒரு காதில ஹெட்போன், மற்றக் காதில அறை. எனக்கு அது பிடிபட எட்டு மாசம் போச்சு. நீ இணுவிலில மேளச்சத்தத்துக்குள்ள வளந்தவன், ரெண்டு மாசத்தில பிடிச்சிட்டாய். எனக்கு எரிச்சல். அப்ப நீ சொன்ன ஒரு கதை எனக்கு இப்பவும் காதில கிடக்குது: "காலம் சரியா நிண்டு என்ன, எடுப்புப் பிழைச்சால் மேளச்சமாவில ஆள் எழும்பிப் போயிடுவான்." நான் வேகத்தைப் பிடிச்ச புளுகத்தில பார் எண்ணாமல் விட்டிடுவன். ஒரு பாட்டின்ர பேஸ் விழுகிற இடத்தில மற்றப் பாட்டு இன்னும் எட்டு பார் பின்னால நிக்கும்.

றெக்கோட்டை நான் சாமியாக்கேல்ல, மச்சான். அந்தச் சனியனால பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லெய்ட்டன் பக்கம் ஒரு நிலவறை, பலகை மேடை. ஆக்கள் துள்ளத் துள்ள ஊசி பாயும். பேஸைக் கூட்டினால் ஸ்பீக்கரின்ர அதிர்வு மேசையால ஏறி ஊசிக்குள்ள போய், திரும்ப ஸ்பீக்கரால வந்து, "ஊம்ம்ம்" எண்டு பெரிய மாடு கத்தின மாதிரி. டிரம் அண்ட் பேஸில பேஸைக் கூட்டாமல் என்ன செய்யிறது? கடைசியில தோட்டக் கடையில நடைபாதைக் கல்லு ரெண்டு வாங்கி, அடியில டென்னிஸ் பந்தைப் பாதியா வெட்டி வைச்சம். நீ ஊசித்தலையில ரெண்டு பென்ஸ் காசை ஒட்டினது மறந்தியே? ஊசி பாயேல்லத்தான். அந்த இரவு போட்ட தட்டெல்லாம் இப்ப போட்டுப் பார், வறுத்த கச்சான் உடைக்கிற சத்தம்.

அதைவிட, இந்த இசை உயிர் வாழ்ந்ததே வெளிவராத பாட்டுகளில. புதுசா ஒண்டைப் போடவேணுமெண்டால் வட லண்டனில மியூசிக் ஹவுஸுக்கு டேப்போட போய், வரிசையில நிண்டு, டப்பிளேட் எண்ட தனிப்பிரதித் தட்டு வெட்டவேணும். அலுமினியத் தகட்டில அரக்குப் பூச்சு. சில பத்துத் தரம் போட்டால் மேல் சத்தங்கள் தேஞ்சு மங்கிப்போகும். வாரத்துக்கு ரெண்டு மூண்டு வெட்டிறவங்களுக்கு அது வீட்டு வாடகை மாதிரி. 2001 இல, தட்டு மாதிரிக் கையால ஆட்டக்கூடிய சிடி பிளேயர் பயனியர் சிடிஜே-1000 வந்தபோது, பேந்து யூஎஸ்பி வந்தபோது, பெரிய டிஜேக்களே அங்கால போனது சோம்பேறித்தனத்தில இல்லை. மத்தியானம் செய்து முடிச்ச பாட்டை இரவு போடலாம் எண்டால் ஆர் வரிசையில நிப்பான்? அந்த அரக்குத் தட்டுச் செய்யிற கலிபோர்னியாத் தொழிற்சாலையும் 2020 இல எரிஞ்சு போக, உலகத்துக்கு மிஞ்சினது ஜப்பானில ஒண்டுதான்.

சரி, ஆவணிக் கதை. அண்ணன்ர மகனை உனக்குத் தெரியும், கைக்குழந்தையாப் பாத்தனீ. இப்ப தாடியோட டிஜே. "சித்தப்பா, ஒரு மணித்தியாலம் வந்து பழசு போடுங்கோ" எண்டு கூப்பிட்டான். ஒரு பப்பின்ர நிலவறை. அதே சிடிஜே வரிசையில பிந்தி வந்த சிடிஜே-3000 ரெண்டு, ஒன்பது அங்குலத் திரை. பாட்டு நீலமும் சிவப்புமா ஓடுது, பேஸ் விழுகிற இடம் முன்னமே கண்ணுக்குத் தெரியுது. றெக்கோட்டில தட்டைச் சாய்ச்சு வெளிச்சத்தில பாத்து, வரி கறுப்பா இருக்கிற இடம் அமைதி, நரைச்ச இடம் சத்தம் எண்டு மட்டுக்கட்டின கண்ணுக்கு இது திருவிழா.

பெடியனுக்கு முன்னால மானம் போகக் கூடாதெண்டு, ரெண்டு பாட்டின்ர வேகத்தையும் தானாப் பொருத்துற சிங்க் பொத்தானை அமத்தினன். முதல் மூண்டு பாட்டு எண்ணெய் விட்ட மாதிரிப் போச்சு. நாலாவது எங்கட அந்த வெள்ளை லேபல். வீட்டில டெக்கில போட்டு நானே கொம்பியூட்டருக்குள்ள ஏத்தினது. இறக்கினன். திரையில ரெண்டு பாட்டிலயும் அடி விழுகிற இடத்தைக் காட்டுற கோடும் ஒண்டுக்கு மேல ஒண்டு, துளியும் பிசகில்லை. நாப்பது செக்கன் போக, காதுக்குள்ள குதிரை. திரையைப் பாத்தன், கோடு சரி. திரும்பக் காது, குதிரை. மச்சான், இருபத்தஞ்சு வருசமாக் காதால வேலை செய்தவன் அந்த இடத்தில திரையைத்தான் நம்பினன். ஸ்பீக்கரில ஏதோ பழுதெண்டு நினைச்சுத் திரும்பிப் பாத்தனெண்டால் பாரன். முன் வரிசையில ஒரு பிள்ளை முகத்தைச் சுழிச்சது. பெடியன் ஒண்டும் பேசாமல் கையை நீட்டி, முன்னம் ஓடின பாட்டின்ர ஒலியை இறக்கிவிட்டான்.

என்ன நடந்தது எண்டு பிறகு விளங்கிச்சு. என்ர டெக்கின்ர ஸ்லைடர் தூசி பிடிச்சது, வேகம் மெல்ல அலையும். அந்த அலைச்சலும் சேந்து பதிவாகியிருக்கு. மெசின் பாட்டு முழுக்க ஒரே வேகமெண்டு நினைச்சு, இடைவெளி மாறாமல் கோடு போட்டு வைச்சிருக்கு. சிங்க் பொருத்தினது அந்தக் கோட்டைத்தான், பாட்டை இல்லை. பாட்டுகளை மெசினுக்கு ஆயத்தப்படுத்துற றெகோட்பொக்ஸ் மென்பொருளில இதுக்கெண்டு வேகம் மாறுறதைப் பின்தொடருற வேறொரு முறையும் இருக்கு எண்டு பெடியன் காட்டினான். எண்டாலும் மிச்ச நேரம் சிங்க்கை நிப்பாட்டிப்போட்டுத்தான் போட்டன். மெசினில கையால சுத்துற ஜொக் சில்லின்ர ஓரத்தைக் கை தானாத் தேடிப் போச்சு.

ஆனா அவன்ர முறை வந்து அவன் போட்டபோது நான் வாயை மூடினன். சிங்க் போட்டுத்தான் அடிச்சான். வேகம் பிடிக்கிற வேலை இல்லாததால மற்றதெல்லாத்துக்கும் அவனுக்கு நேரம் கிடக்குது. ரெண்டு பாட்டின்ர பேஸும் ஒரே நேரத்தில விழ விட்டான். நான் பல்லைக் கடிச்சன், சேறாப் போகப் போகுதெண்டு. போகேல்ல. ஒண்டின்ர பேஸ் குமிழை முழுக்க இறக்கி, நாலு பார், மற்றதின்ர பேஸை இறக்கி, நாலு பார், கேள்வியும் பதிலும் மாதிரி. உன்ர மேளச்சமாதான்! ரெண்டு தவில்காரர் மாறி மாறி விடுற அதே நியாயம். நாங்கள் வேகத்தைப் பிடிக்கிறதிலயே மூச்சு வாங்கி, பேஸைச் சும்மா போக விட்டம். டிஜே ஆன்டி சி மூண்டு டெக்கில தட்டு வைச்சுக்கொண்டே உந்த ரெட்டை ட்ரொப் வேலையெல்லாம் செய்தவர்தான், அதால றெக்கோட்டில குற்றம் சொல்ல ஏலாது. எங்களில சொல்லலாம்.

பிள்ளைக்கு என்ர மறுமொழி இதுதான். லப்டொப்பில கொழுவுற சின்ன டிஜே கொன்ட்ரோலர் ஒண்டு வாங்கிக் குடு, விலை கூடினது வேண்டாம். சிங்க் பொத்தானை முதல் ஆறு மாசம் தொடக் கூடாது. லப்டொப் திரைக்கு மேல ஒரு துவாயைப் போடு. பாட்டைத் தேடி எடுக்க மட்டும் தூக்கலாம், மிக்ஸ் பண்ணேக்க மூடியிருக்கவேணும். முதல் மாசம் இருபது பாட்டுக்கு மேல வைச்சிருக்க விடாத. பழகேக்க எங்களிட்ட எழுபது தட்டுத்தான் இருந்தது, ஒவ்வொண்டிலயும் எத்தினையாவது பாரில என்ன வரும் எண்டு நித்திரையில கேட்டாலும் சொல்லுவம். ஆயிரம் பாட்டு இருந்தால் ஒண்டும் தெரியாது. வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடிக்கிற மாஸ்டர் டெம்போவையும் நிப்பாட்டி வைக்கச் சொல்லு. 174 ஐ 176 ஆக்கினால் சுருதி அரைச்சுரத்தில அஞ்சில ஒரு பங்குதான் ஏறும், அதுக்காக பேஸைக் குழப்பத் தேவையில்லை.

கெமிஸ்ட்ரி அண்ட் ஸ்டோர்ம் போட்டதுகளைத் தேடிக் கேக்கச் சொல்லு. கோல்டி எண்ட இசைக்காரரோட சேந்து மெட்டல்ஹெட்ஸ் எண்ட றெக்கோட் லேபலைத் தொடக்கின ரெண்டு பெண்டுகள். 1999 இல கெமிஸ்ட்ரி கார் விபத்தில போனது உனக்குத் தெரியும், நீ அண்டைக்கு வேலைக்கே போகேல்ல. "இது பெடியள் விளையாட்டு" எண்டு ஆரும் பிள்ளைக்குச் சொன்னால் அதைப் போட்டுக் காட்டட்டும். பொறுமையாப் பழைய பாட்டு உள்ளுக்குக் கரைய, புதுசு மேல வாறது எப்பிடியெண்டும் அதில கேக்கலாம்.

ஆறு மாசம் தாண்டி, பிள்ளைக்கு ஆசை நிண்டு பிடிச்சால், எங்கட டெக் ரெண்டையும் அனுப்பலாமெண்டு இருக்கிறன். பரணில கிடந்து என்ன செய்யிறது. இடப்பக்கத்து டெக்கில ஒரு பக்கச் சத்தம் வாறேல்ல, வயரை மாத்திப் பாக்கவேணும். ஸ்லைடரையும் துடைக்கிறன். டெக் ஒண்டின்ர நிறை பன்னிரண்டரைக் கிலோ. கப்பலில எண்டால் கூலி அவ்வளவு வராது எண்டு கார்கோக்காரன் சொல்லுறான். வில்லங்கம் கரண்ட்தான்: இது இங்கத்தைய 230 வோல்ட்டுக்குச் செய்தது, உங்கட டொரொன்டோவில 120. ஸ்காபரோவில எலக்ட்ரொனிக் சாமான் திருத்திற ஆரையும் தெரிஞ்சால், உள்ளுக்கு டிரான்ஸ்போமரை மாத்த ஏலுமோ, வெளியால ஒரு பெட்டி வைக்கிறது நல்லதோ எண்டு விசாரிச்சு எழுது. வெளியால வைச்சால் அதின்ர இரைச்சல் ஊசிக்குள்ள ஏறுமோ எண்டும் கேள்.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி