ஊழியர் தங்க விட்ட வீடு: வாடகைப் பிடித்தம், ஒப்பந்த மீறல் குறித்துப் புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்,
சத்தியவேடு, திருப்பதி மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.

பெறுநர்:
மனிதவள மேலாளர் அவர்கள்,
ஸ்ரீசிட்டி.

நாள்: 13.10.2025

பொருள்: வாடகையில் தவறாகப் பிடித்த தொகையைத் திருப்பித் தருவதும், ஒப்பந்தத்துக்கு மாறாக ஆட்களைத் தங்கவைப்பதை நிறுத்துவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சத்தியவேட்டில் உள்ள என் வீட்டை 2024 பிப்ரவரி முதல் உங்கள் ஊழியர்கள் தங்குவதற்காக வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். மாத வாடகை 22,000 ரூபாய், முன்பணம் 66,000. குடும்பங்கள் கேட்டு வந்தபோதும் நான் கம்பெனிக்கே கொடுத்தேன். "கையெழுத்துப் போடுறது கம்பெனிம்மா. எது வந்தாலும் நாங்க பொறுப்பு" என்று உங்கள் நிர்வாக அதிகாரி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தமிழிலேயே சொன்னார். அந்தப் பேச்சை நம்பித்தான் சாவியைக் கொடுத்தேன். இன்று எதைக் கேட்டாலும் "கான்ட்ராக்டரிடம் பேசுங்கள்" என்கிறீர்கள். அந்தக் கான்ட்ராக்டர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இல்லை.

முதலில் பணம். ஜூலை முதல் என் கணக்கில் 15,840 ரூபாய்தான் விழுகிறது. 2,200 டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது), 3,960 ஜிஎஸ்டி என்று பிடித்திருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் கேட்டால் அரசாங்க விதி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஊத்துக்கோட்டையில் உள்ள ஆடிட்டரிடம் காட்டினேன். ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனம் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரி என்பது 18.07.2022 முதல் நடைமுறையில் இருப்பது உண்மைதான். ஆனால் அது ஆர்சிஎம் முறையில், வாடகைக்கு எடுத்தவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி. நான் ஜிஎஸ்டி பதிவே செய்யாதவள். நீங்கள் கட்ட வேண்டியதை என் வாடகையில் கழித்துக்கொள்ள எந்த விதியும் இடம் தரவில்லை, நம் ஒப்பந்தமும் தரவில்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 11,880 ரூபாய் எனக்கு வர வேண்டும்.

டிடிஎஸ் கதை இதைவிட மோசம். 2024-25இல் ஆண்டு வாடகை 2,40,000 ரூபாய்க்கு மேல் இருந்ததால் 10 சதவீதம் பிடித்தது சரி. மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு பிடித்த 26,400 ரூபாயில் பாதிதான், என் பெயரில் அரசுக்குக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரிகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை பிடித்த 13,200 ரூபாய் எங்கே போனது? ஒரு மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30க்குள்) அரசுக்குக் கட்டியாக வேண்டும். என் மொத்த வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை. அந்தத் தொகை ரீஃபண்டாக என் கைக்கு வர வேண்டியது. என் மருந்துச் செலவு அதிலிருந்துதான்.

2025 ஏப்ரல் முதல் மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்று வரம்பையே உயர்த்திவிட்டார்கள். அப்படியிருந்தும் மாதம் தவறாமல் 2,200 பிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். செப்டம்பர் வரை இன்னொரு 13,200. அதில் ஒரு ரூபாய்கூட 26ஏஎஸ்-இல் ஏறவில்லை.

இனி வீடு. எட்டுப் பேருக்கு மேல் தங்கக் கூடாது, வேறு யாருக்கும் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. இப்போது இரண்டு அறைகளிலும் கூடத்திலும் சேர்த்து இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் படுக்க, காலை ஷிப்டுக்குப் போகிறவர் எழுந்து பாயைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைக்க வந்த பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னைப் பார்த்தால் எழுந்து நின்று இந்தியில் "மாஜி" (அம்மா) என்கிறார்கள். மனுஷரை இப்படி அடைத்துவைப்பது எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் சமையலறையைப் பார்த்தேன். பெரிய பர்னர் அடுப்புகளைத் தூக்கி வைத்ததில் கடப்பா கல் மேடை குறுக்கே வெடித்து, விரிசலில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடக்கிறது. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய செப்டிக் டேங்க் நிரம்பி, பக்கத்து வீட்டுக் கொல்லையில் வழிகிறது. அவர்கள் என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள். காலமெல்லாம் முகம் பார்த்துப் பழகிய குடும்பம் அது.

நவம்பர் 15க்குள் நீங்கள் செய்ய வேண்டியது இது. ஜிஎஸ்டி என்று பிடித்த 11,880 ரூபாயையும், இந்த ஆண்டு டிடிஎஸ் என்று பிடித்த 13,200 ரூபாயையும் என் கணக்கில் போடுங்கள். சென்ற ஆண்டுப் பாக்கியை அரசுக்குக் கட்டி, பிடித்த வரிக்கு நீங்கள் தாக்கல் செய்யும் 26கியூ கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்து, வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழ் கொடுங்கள். செப்டிக் டேங்கை இந்த வாரமே உங்கள் செலவில் காலி செய்யுங்கள். கூடுதலாக இருப்பவர்களுக்கு வேறு நல்ல இடம் பார்த்துக் கொடுங்கள். அவர்களை ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் விடக் கூடாது.

இவை நடக்காவிட்டால் வருமான வரித் துறைக்கு எழுத்து மூலம் புகார் தருவேன். வக்கீல் நோட்டீசும் வரும். நம் 11 மாத ஒப்பந்தம் நவம்பர் 30இல் முடிகிறது, அதைப் புதுப்பிக்கப் போவதில்லை. மேடைக்கு ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைக் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட உங்கள் அதிகாரியே நேரில் வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, சாவியை என் கையில் தர வேண்டும். கான்ட்ராக்டரிடமிருந்து வாங்கிக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்