கார்த்திக்கு, மன்னார்குடியிலிருந்து

மன்னார்குடி
7.10.2025

அன்புள்ள கார்த்திக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. வித்யாவுக்கு வாந்தி நின்றதா? பாப்பாவைத் தாத்தா கேட்டதாகச் சொல்.

வித்யாவுக்காக அம்மா கட்டிய பார்சல் இன்னும் ஹாலிலேயேதான் இருக்கிறது. மணத்தக்காளி வற்றல், நார்த்தங்காய், இரண்டு பருத்திப் புடவை. ஆகஸ்ட் கடைசியிலிருந்தே அமெரிக்காவுக்குத் தபால் ஆபீசில் எதையும் வாங்குவதில்லை. 800 டாலர் வரையிலான சாமானுக்கு இருந்த சுங்க வரிச் சலுகையை உங்கள் ஊரில் எடுத்துவிட்டார்கள். வரியை யார் வசூல் செய்து யாரிடம் கட்டுவது என்று தெளிவில்லாததால், விமானக் கம்பெனிகள் மூட்டையை ஏற்ற மாட்டேன் என்கின்றன. அரைக் கிலோ வற்றலால் அந்த நாட்டுப் பொருளாதாரம் ஆட்டம் காணப்போகிறது போல!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரியம்மா சம்பந்தி வீட்டுப் பையன் நியூஜெர்சியில் இருக்கிறானே, அவனுக்கு வேலை போய்விட்டதாம். ஒரு நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே விடவில்லை. அப்புறம்தான் சொந்த ஈமெயிலில் கடிதம் வந்ததாம். அவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று இது பற்றிக் கொஞ்சம் படித்தேன். உனக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன்.

பேங்கில் நாங்கள் ஒரு பியூனை அனுப்புவது என்றாலும் சார்ஜ் ஷீட், விசாரணை, யூனியன் என்று வருஷக்கணக்கில் இழுக்கும். ஆள்குறைப்பு என்றால் 1947 தொழில் தகராறுச் சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ், ஒவ்வொரு வருஷ சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம். அங்கே மொன்டானா என்ற ஒரே மாநிலம் தவிர மற்ற எங்கேயும், காரணம் சொல்லாமலே போகச் சொல்லலாம் என்பதுதான் பொது வழக்கமாம். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ பதினாலு வருஷமாக அப்படித்தான் இருக்கிறாய் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் 60 நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி விண்ணப்பம் போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற மனுக் கொடுக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். நம் ஊரில் அறுபது என்றால் திருக்கடையூரில் கல்யாணம் செய்து வைப்பார்கள்!

இதில் இன்னொரு சங்கடம். 1-ஆம் தேதியிலிருந்து அவர்கள் அரசாங்கமே பட்ஜெட் பாஸாகாமல் பூட்டிக் கிடக்கிறது. புதுக் கம்பெனி விண்ணப்பம் போட முதலில் தொழிலாளர் துறையிலிருந்து எல்.சி.ஏ. என்று சம்பளம், வேலை நிபந்தனை பற்றிய ஒப்புதல் வேண்டுமாம். அந்த வேலை நின்றுவிட்டது. அதற்காக 60 நாள் நிற்குமா? நிற்காது. அதனால் அந்தப் பையன் யாராவது நல்ல வக்கீலாகப் பார்க்க வேண்டும். கம்பெனி வக்கீல் வேண்டாம், தனக்கென்று ஒருவர். காசு பார்க்கக் கூடாது.

அதைவிட எனக்குக் கவலை இன்சூரன்ஸ். அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். வேலையோடு இன்சூரன்ஸும் போகும் என்பது என்ன ஏற்பாடு? 1942-இல் யுத்தத்துக்காகச் சம்பள உயர்வைத் தடுத்துவிட்டார்களாம். ஆளைப் பிடிக்கக் கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் வைத்தியச் செலவைத் தருகிறோம் என்று ஆரம்பித்தது, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. இப்போது அரசாங்கம் பூட்டிக் கிடப்பதும் இன்சூரன்ஸ் மானியச் சண்டையில்தான். யுத்தம் முடிந்து எண்பது வருஷமாகிவிட்டது.

கோப்ரா என்று ஒன்று இருக்கிறது. பழைய கம்பெனி இன்சூரன்ஸையே 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி கட்டி வந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் நாமே கட்ட வேண்டும், மேலே இரண்டு சதவீதம். அதைக் கேட்டு வாங்கவும் 60 நாள்தான் கெடு. கெடுவுக்குள் சேர்ந்து பாக்கியையும் கட்டிவிட்டால், நின்ற நாளிலிருந்தே செல்லுமாம். தொகையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடக் கூடாது. பிரசவத்தை வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், ஒரு நாள்கூட.

2018-இல் பெங்களூரில் அந்த வேலை வந்தபோது வா என்றேன். கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறேன் என்றாய். வேலைக்காக வருஷத்துக்கு 1,40,000 கார்டு, அதில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதம் என்றால் அந்த வரிசை எங்கே நகரும்? 2016-இல் வரிசையில் நின்ற உன் முறை இன்னும் வரவில்லை. சொன்னால் கோபம் வரும் உனக்கு. இருக்கட்டும். உன் வீட்டுப் படத்தை நான் காட்டாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. பேங்க் ஓய்வூதியர் கூட்டத்தில்கூடக் காட்டினேன்.

இப்போது அவசரப்பட்டு ஊருக்குக் கிளம்பி வந்தாலும் சிக்கல். செப்டம்பர் 19-இல் போட்ட உத்தரவு, புது எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்று மறுநாளே விளக்கம் சொன்னார்கள். வேலையில்லாமல் வெளியே வந்துவிட்டால் யார் அவ்வளவு கட்டி அழைப்பார்கள்? இதையும் வக்கீலிடம் கேட்கச் சொல்.

போன செவ்வாய் நீ வீடியோவில் வந்தபோது எங்களுக்கு இரவு ஒன்பதரை. உங்களுக்குக் காலை பதினொன்று. பின்னால் பாப்பா பார்க்கில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தாள். லீவு போட்டிருக்கிறான் போல என்று அம்மாவிடம் சொன்னேன். அவளும் அப்படித்தான் இருக்கும் என்றாள்.

என் பெயரில் டெபாசிட் இருக்கிறது. முன்கூட்டியே எடுத்தால் வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இங்கிருந்து அங்கே பணம் அனுப்ப பேங்கில் ஏ2 என்ற படிவம் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை ரிசர்வ் பேங்க் விடுகிறது. அவ்வளவுக்கு நான் எங்கே போவேன்! ஆனால் பிரீமியம் கட்டுகிற அளவுக்கு இருக்கிறது. அந்தப் பையனுக்குத் தேவை என்றால் சொல்.

வரும் சனிக்கிழமை புரட்டாசிக் கடைசிச் சனி. அம்மா சாயந்திரம் ஐந்தரைக்கே ராஜகோபாலசுவாமி கோவிலுக்குக் கிளம்பிவிடுவாள். கூட்டம் அதிகம், எட்டு மணிக்கு முன் திரும்ப மாட்டாள். எங்கள் ஐந்தரை உனக்குக் காலை ஏழு மணி. நான் வீட்டில்தான் இருப்பேன். கூப்பிடு.

அப்பா

பி.கு.: 60 நாள் கணக்கு பெரும்பாலும் கடைசியாகச் சம்பளம் போட்ட நாளுக்கு மறுநாளிலிருந்து. ஈமெயில் வந்த நாளிலிருந்து இல்லை. கடிதத்தில் அந்தத் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்.