போக்கர் பிளஃப்: முகத்தைப் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரும்பணப் போக்கர் போட்டிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதிராளியின் கண்ணையும் உதட்டையும் கவனித்தே அவர் பிளஃப் அடிக்கிறாரா (பலவீனமான சீட்டை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டி மிரட்டுகிறாரா) இல்லையா என்று வல்லுநர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். இந்த ஆட்டத்தின் நுட்பமே அதில் விடுபட்டுப் போனது எனக்கு வருத்தம்.

2003 உலகப் போக்கர் தொடரின் இறுதி மோதலை எடுத்துக்கொள்வோம். இடம் லாஸ் வேகஸ். 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட முக்கியப் போட்டியில் இறங்கிய 839 பேரில் மிஞ்சியவர்கள் இருவர்: டென்னஸியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹா. மணிமேக்கர் கையில் இஸ்பேடு ராஜாவும் ஆட்டின் 7-ம். ஃபர்ஹா கையில் இஸ்பேடு ராணியும் ஆட்டின் 9-ம். இருவருக்கும் பொதுவாக மேசையில் முதலில் விழுந்தவை இஸ்பேடு 9, டைமண்ட் 2, இஸ்பேடு 6. இருவரும் பந்தயம் கட்டவில்லை. நான்காவது சீட்டு இஸ்பேடு 8. ஃபர்ஹா 3 லட்சம் சிப் (பந்தய வில்லை) வைத்தார், மணிமேக்கர் அதை 8 லட்சமாக ஏற்றினார், ஃபர்ஹாவும் அதே அளவு வைத்து ஈடு கொடுத்தார். கடைசிச் சீட்டு ஆட்டின் 3, யாருக்கும் உதவாதது. ஃபர்ஹா பந்தயம் கட்டாமல் செக் சொன்னதும் மணிமேக்கர் ஆல்-இன் போனார், அதாவது தன் சிப் மொத்தத்தையும் வைத்தார். கையில் ஒரு ஜோடிகூட இல்லை.

ஃபர்ஹா அவரைப் பார்த்து, ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) காத்திருந்து அது அமையாமல் போயிருக்க வேண்டும் என்ற பொருளில் வாய்விட்டே சொன்னார். கணிப்பு அப்பட்டமான உண்மை. ஆனாலும் 9 ஜோடியை மடித்து, நடுவில் கிடந்த சிப்பை விட்டுக்கொடுத்துவிட்டார்! ஏன்? மூன்றாவது இஸ்பேடு விழுந்த இடத்தில் ஏற்றி, அடுத்த சீட்டில் மொத்தத்தையும் தள்ளுவது ஃப்ளஷ் அமைந்தவர் ஆடும் ஆட்டம். அந்தப் பந்தயங்கள் சொன்ன கதையில் ஓட்டை இல்லை. அதோடு இஸ்பேடு ராஜா மணிமேக்கரிடமே இருந்ததால் ஃபர்ஹாவிடம் ராஜா ஃப்ளஷ் இருக்க வழியில்லை. 7-ம் மணிமேக்கரிடம் ஒன்று இருந்ததால், ஃபர்ஹா 10-7 அல்லது 7-5 வைத்து ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) அமைத்திருக்கும் வாய்ப்பும் குறைவு. பிளஃபுக்கு ஏற்ற சீட்டு என்றால் இதுதான்: தானாக ஜெயிக்காது, ஆனால் எதிராளியின் பலமான கைகளைத் தடுக்கும். நடுத்தரமான ஜோடியை வைத்துக்கொண்டு பிளஃப் அடிப்பவர்கள், சும்மா காட்டியிருந்தாலே ஜெயித்திருக்கக்கூடிய கையை வீணாக்குகிறார்கள்.

அடுத்து கணக்கு. நடுவில் 100 சிப் கிடக்கும்போது 50 வைத்து பிளஃப் அடித்தால், எதிராளி மூன்றில் ஒரு முறை மடித்தாலே முதல் தேறிவிடும். 100 வைத்தால் பாதி முறை மடிக்க வேண்டும். 200 வைத்தால் மூன்றில் இரண்டு முறை. எதிரே இருவர் இருந்தால் நிலைமை மோசம். ஒவ்வொருவரும் 60 சதவீதம் மடிப்பவராக இருந்தாலும், இருவரும் சேர்ந்து மடிப்பது 36 சதவீதம்தான். பெரும்பாலான பிளஃப்கள் இங்கேதான் சாகின்றன. எதற்கும் மடிக்காமல் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்திருப்பவரிடமும், மூன்றில் இரண்டு பங்கு சிப்பை ஏற்கெனவே உள்ளே விட்டவரிடமும் பிளஃப் எடுபடாது.

போட்டி ஆட்டத்துக்கென்று தனி அழுத்தம் ஒன்று உண்டு. கட்டுரை அதைத் தொடவே இல்லை. நான்கு பேர், நால்வரிடமும் சம அளவு சிப், பரிசு 50, 30, 20 என்று வையுங்கள். நான்காமவருக்கு ஒன்றும் கிடையாது. இப்போது ஒவ்வொருவரின் பங்கு 25. ஒருவரை வீழ்த்திச் சிப்பை இரட்டிப்பாக்கினால், சிப்பின் அளவை வைத்துப் பரிசு வாய்ப்பைக் கணிக்கும் வழக்கமான கணக்குப்படி பங்கு 38.3 ஆகிறது, 50 ஆவதில்லை. ஆக ஆல்-இன்னுக்கு ஈடு கொடுக்க, ஏறக்குறைய 65 சதவீதம் ஜெயிக்கும் கை வேண்டும். சிப்புக்கு அதே அளவு பணம் கிடைக்கும் சாதாரணப் பண ஆட்டத்தில் பாதி இருந்தாலே போதும். பரிசு எல்லைக்கு அருகில் பெரிய சிப்புக்காரர் ஓயாமல் மிரட்டுவதும், நடுத்தரச் சிப்புக்காரர் நல்ல சீட்டையும் மடிப்பதும் இதனால்தான். அந்த மடிப்பைப் பயம் என்று எழுதுவது அநியாயம்.

உடல்மொழியே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நளினி அம்பாடி உள்ளிட்ட உளவியலாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 2009 உலகப் போக்கர் தொடரின் காட்சிகளைச் சாதாரண மக்களிடம் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் சீட்டின் பலத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. சிப்பைத் தள்ளும் கையசைவை மட்டும் பார்த்தவர்கள் குருட்டு ஊகத்தைவிட நன்றாகச் சொன்னார்கள். தயங்காமல் ஒரே சீராக நகரும் கைக்குப் பின்னால் பெரும்பாலும் நல்ல சீட்டு இருக்கிறது. விரல் நடுங்கினால் பிளஃப் என்று நினைத்து ஈடு கொடுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. பலமான சீட்டு அமைந்த படபடப்பிலும் விரல் நடுங்கும். ஒருவர் வழக்கமாக எப்படித் தள்ளுவார், எவ்வளவு நேரம் யோசிப்பார் என்று முதலில் ஒரு மணி நேரமாவது கவனித்தால்தான் மாறுதல் தெரியும்.

முகமே பார்க்காமல் ஆட முடியுமா என்றால், 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் நீண்ட போட்டியில் தோற்கடித்தது. அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஆனால் பிளஃப் அடித்தது.

போக்கர் பற்றி அடுத்து எழுதும்போது, ஒவ்வொரு சுற்றின் பந்தயத் தொகையையும் இருவரிடமும் மீதியிருந்த சிப்பையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவை இல்லாமல் எந்த பிளஃபையும் வாசகர் எடைபோட முடியாது.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்