பீரங்கி இழுத்த காளைகள் எங்கே?

ஆசிரியருக்கு,

வணக்கம். கொங்குப் பாளையக்காரர் கதையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடருக்குச் சென்ற வார இதழில் விமர்சனம் வெளியிட்டிருந்தீர்கள். "போர்க்காட்சிகள் தத்ரூபம்" என்று அதில் ஒரு வரி. பேச்சும் உடையும் நன்றாகத்தான் இருக்கின்றன; "ஏனுங்க சாமி" என்று ஆத்தாமார் கூப்பிடுவதைக் கேட்கவே சுகம். ஆனால் துப்பாக்கியும் பீரங்கியும் வரும் இடங்களில் அந்தப் பாராட்டு செல்லாது.

கதை நடப்பது 1801-இல். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் கையில் இருப்பதோ போல்ட்டைப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிச் சுடும் ரைபிள். நம் ஊர்க் காவல் நிலையங்களில் பார்த்த 303 ஜாதி. அந்த வகை பிரிட்டிஷ் படைக்கு வந்ததே 1888-இல்தான். 1801-இல் சிப்பாய் தூக்கிக்கொண்டு நடந்தது 'பிரவுன் பெஸ்' என்ற, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. நாலரைக் கிலோவை ஒட்டிய எடை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணியில் போட்டு மூடி, மிச்சத்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே விட்டு, இரும்புக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். அப்புறம் துப்பாக்கிக் குதிரையை இழுத்து வைத்துச் சுட்டால், சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி தெறிக்கும். நன்றாகப் பழகிய சிப்பாயே நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் பெரிது. எண்பது, நூறு கெஜத்துக்கு அப்பால் இருப்பவன் மேல் பட்டால் அவன் ஜாதகம் சரியில்லை என்று அர்த்தம்.

இதை வெறும் நுணுக்கக் குறையாக நான் சொல்லவில்லை. தொடரில் கதையே இங்கேதான் கெடுகிறது. ஒருமுறை சுட்ட சிப்பாய் அடுத்த குண்டுக்குக் குறைந்தது இருபது நொடி வெறுங்கையன் மாதிரி. அந்த இருபது நொடிக்குள் புதரிலிருந்து வாளோடும் வேலோடும் பாய்ந்துவிடலாம். ஆறு, காடு, கணவாய் என்று இடம் பார்த்துத் தாக்குவது நம்மவர்களுக்குக் கைகொடுத்ததன் கணக்கு அதில்தான் இருக்கிறது. மழை பெய்தாலோ கிண்ணி மருந்து நனைந்து துப்பாக்கி ஊமையாகிவிடும். படபடவென்று சுடும் துப்பாக்கியைச் சிப்பாய் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நம் ஆளை வாளோடு ஓடவிட்டால், அவர் வீரராகத் தெரியவில்லை, விவரம் கெட்டவராகத் தெரிகிறார். சின்னமலையின் காலத்து மனிதர்களுக்கு இது அநியாயம்.

புகையையும் காணோம். கருமருந்து வெடித்தால் வெள்ளைப் புகை கிளம்பும். நூறு பேர் ஒன்றாகச் சுட்டால், காற்று இல்லாத நாளில் எதிரில் நிற்பவர் யார் என்றே தெரியாது. தொடரில் ஊதுபத்திப் புகைகூட இல்லை.

பீரங்கிக்கு வருவோம். நான்கு பேர் அதைச் சிரித்துப் பேசியபடி மேட்டில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கோட்டைச் சுவரை உடைக்கும் 18 பவுண்டர் (18 பவுண்டு எடைக் குண்டைச் சுடும்) பீரங்கியின் இரும்புக் குழல் மட்டுமே சுமார் 2 டன். பல ஜோடி மாடுகளைப் பூட்டினால்தான் நகரும்; மலைப்பாதையில் யானை பின்னாலிருந்து நெற்றியால் முட்டித் தள்ளும். ஹைதரும் திப்புவும் பீரங்கி இழுக்கவென்றே அம்ரித் மகால் மாடுகளைப் பேணியவர்கள். 1790 செப்டம்பரில் கெஜலட்டிக் கணவாய் வழியாகத் திப்பு இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயக் கர்னல் ஃபிளாய்டு படையைத் தாக்கினார். பின்வாங்கியபோது ஃபிளாய்டு சில பீரங்கிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். இழுக்க வேண்டிய மாடுகள் குண்டடியில் செத்துவிட்டன, அவ்வளவுதான் காரணம். மாடு போனால் பீரங்கி போச்சு. மயிலையும் காரியும் செவலையும் கன்னபுரம் சந்தையில் நிற்கிற நாட்டில் எடுக்கப்பட்ட தொடரில், நுகத்தடியில் ஒரு காளைகூடக் கண்ணில் படவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்னொன்று, விழுகிற ஒவ்வொரு குண்டும் பெட்ரோல் பங்க் தீப்பிடித்தது போல வெடிக்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டில் பெரும்பாலானது கெட்டி இரும்பு உருண்டை. அது வெடிக்காது, தரையில் மோதி எம்பி, வரிசையாக நிற்பவர்களின் காலை முறித்துக்கொண்டு ஓடும். திரி வைத்து வெடிக்கும் குண்டுகள் ஹோவிட்சர், மார்ட்டார் போன்ற குட்டைக் குழல்களுக்கு உண்டு. ஆனால் திரையில் தெரிவது நீளக் குழல். அது சுட்டதும் சக்கரத்தோடு பின்னால் உருண்டு போக வேண்டும். ஆட்கள் அதைத் திரும்ப இடத்துக்குத் தள்ள வேண்டும், ஈரத் துடைப்பானைக் குழலுக்குள் விட்டுக் கனலை அணைக்க வேண்டும், அதன் பிறகே அடுத்த மருந்து. தொடரில் அது பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

மைசூர் வாணத்தைப் பற்றித் தொடரில் ஒரு பேச்சும் இல்லை. இரும்புக் குழாயில் மருந்து அடைத்துச் செய்த அந்த வாணங்கள்தான் 1780-இல் புள்ளலூரில் கம்பெனிப் படையைக் கலங்கடித்தன. திப்புவோடு தோள் கொடுத்து நின்ற கொங்குக்காரர்கள் கதையில் அது வராமல் போனது பெரிய நஷ்டம்.

பணம் இல்லை என்பார்கள். வாய்வழித் துப்பாக்கியை மரத்திலும் குழாயிலும் செய்ய ஒரு நல்ல தச்சர் போதுமே. மாதிரி பார்க்க வேண்டுமானால் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் காலத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மட்டும் போக வேண்டாம், விடுமுறை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கேயம்.